இனி நீதான் பைஸ்டாண்டர்

மக்கா,

நீ கருங்கல் சந்தைக்குப் போயிருக்கிறாய். ஏத்தங்காய் வற்றலும் நெத்திலிக் கருவாடும் வாங்கிக்கொண்டு, வழியில் பார்க்கிற கூட்டாளிகளிடம் நின்று பேசிவிட்டு வர எப்படியும் மத்தியானம் ஆகிவிடும். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். சனிக்கிழமை உனக்கு விமானம். நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் திங்கட்கிழமையிலிருந்து வாயைத் திறக்கிறேன். நான் ‘மக்கா’ என்று தொடங்கியதுமே ‘மருந்து குடிச்சியாம்மா’ என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்கிறேன். என் வயிற்றில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். நீயும் உன் அத்தையும் சேர்ந்து என்னிடம் மறைப்பதும் தெரியும். மறைத்தபடியே நீ சவூதிக்கு விமானம் ஏறிவிடக் கூடாது. இதை உன் தங்கையும் படிக்கட்டும், அத்தையும் படிக்கட்டும். இந்த வட்டாரத்தில் இதேபோல அம்மையிடமோ அப்பனிடமோ ஒளித்துக்கொண்டிருக்கிற எந்தப் பிள்ளை படித்தாலும் எனக்குச் சம்மதமே.

திங்கட்கிழமை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கதவைத் திறந்து என் பெயரைச் சொன்னபோது நான்தான் எழுந்தேன். ‘நீங்க இரிங்கம்மா. பைஸ்டாண்டர் ஆரு? அவிய மட்டும் உள்ள வாங்க’ என்றாள். இங்கிருந்து திருவனந்தபுரம் வரை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நோயாளியின் கூட இருக்கிறவருக்கு அதுதான் பெயர். மருந்து வாங்க, படுக்கையை ஒட்டித் தரையில் பாய் விரித்துக் கிடக்க, டாக்டர் சொல்வதைக் கேட்க எல்லாவற்றுக்கும் பைஸ்டாண்டர். நீ உள்ளே போனாய். நான் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்த உன் முகம் வெளுத்துப்போயிருந்தது. ‘ஒண்ணும் இல்லம்மா. சின்ன கட்டி. கொஞ்சம் ஊசி போட்டா கரைஞ்சிரும்’ என்றாய். ரோட்டோரத்தில் எதையும் வாங்கிக் குடிக்காதே என்று போனில் எனக்குப் பாடம் நடத்துகிற நீ, அன்றைக்கு வலியக் கூட்டிக்கொண்டு போய் நன்னாரி சர்பத் வாங்கித் தந்தாய். பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைப் பெற்றிருக்கிறோமே என்று எனக்கு அழுகையும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது.

பிறகு நீ மருந்துக்கடை வரிசையில் நின்றாய். ஃபைல் என் மடியில் இருந்தது. அம்மைக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நீ நினைத்திருப்பாய். பேசத்தான் தெரியாது மக்கா. எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ‘கார்சினோமா’ என்று முடிகிற ஒரு நீளச் சொல் இருந்தது, கேன்சருக்கு அவர்கள் எழுதுகிற சொல். அதற்குக் கீழே ‘மெட்டாஸ்டாஸிஸ்’, பக்கத்தில் ‘லிவர்’. கடைசியில் டாக்டரின் கையெழுத்தில் ‘பாலியேட்டிவ் கீமோ’. வேறொருத்தியாக இருந்தால் அந்தச் சொற்களைப் பார்த்துவிட்டுப் புரியாமல் மூடி வைத்திருப்பாள். உன் அப்பாவுக்கு நான் பைஸ்டாண்டராக இருந்த வருஷங்கள் என்னை அப்படி இருக்க விடவில்லை.

டயாலிசிஸ் வராந்தாவை நீ பார்த்ததில்லை. நீ அப்போது சவூதியில் இருந்தாய். உள்ளே அவர்கள் மெஷினோடு படுத்திருப்பார்கள். வெளியே நாங்கள், கூட வந்தவர்கள், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் பகிர்ந்து தின்றபடி இருப்போம். கடியப்பட்டணத்துக்காரி ஒருத்தி, கொட்டாரத்திலிருந்து வருகிற வாத்தியார் ஒருவர், நான். எல்லாரும் கிரியாட்டின், ரத்தத்தில் நிற்கிற கழிவின் கணக்கு, எவ்வளவு என்றுதான் விசாரித்துக்கொள்வோம், மீன் விலை கேட்பது போல. டயாலிசிஸ் முடிந்து ரத்தம் எடுத்தால் அந்த எண் இறங்கியிருக்கும். உன் அப்பாவுக்கு அன்றைக்குத் திருவிழா. நம் கடைக்கு ஆணி வாங்க வருகிறவனிடமும் பெயின்ட் வாங்க வருகிறவனிடமும் ‘பாத்தியாடே, பாதியாட்டு கொறஞ்சிட்டு’ என்பார். ஒருநாள் ‘இனி எதுக்கு அங்க போய் கெடக்கணும், கிட்னி நல்லா ஆயாச்சு’ என்று தானே முடிவு கட்டி ஒரு முறை டயாலிசிஸுக்குப் போகாமல் விட்டுவிட்டார். மறுநாள் படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கி உட்கார்ந்தே இருந்தார். நெஞ்சில் நீர் கோர்த்துவிட்டது. மெஷின் கிட்னியைச் சரியாக்குவதில்லை, கிட்னி செய்ய வேண்டிய வேலையைத் தான் செய்கிறது, அவ்வளவுதான். ஓட்டை வள்ளத்தில் நீர் இறைப்பது போல. இறைத்து முடித்ததும் வள்ளம் காய்ந்துதான் இருக்கும், ஓட்டை அங்கேயேதான் இருக்கும். இதை எங்களுக்கு முதல் நாளே யாராவது தமிழில் சொல்லியிருந்தால் அவர் அந்த முறையை விட்டிருக்க மாட்டார். நாங்களும் கேட்கவில்லை. டாக்டரிடம் கேள்வி கேட்டால் கோபப்படுவார் என்று பயம்.

அப்புறம் ஐசியூ. இதை நாம் இரண்டு பேரும் இதுவரை பேசியதே இல்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், உன் மாமாதான் வாசலில் நின்றான். டாக்டர் வெளியே வந்து ‘ஸ்டேபிளா இருக்காரு’ என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா அங்கே நின்றபடியே உனக்குப் போன் போட்டான். ‘ஸ்டேபிளாம் மக்கா. ஒண்ணும் பயப்படாண்டாம். நீ லீவு போட்டு சோலியைக் கெடுக்காண்டாம்’ என்றான். நீ எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தாய். ஸ்டேபிள் என்றால் தேறிவிட்டார் என்று மாமாவும் நினைத்தான், நீயும் நினைத்தாய். நேற்று எப்படி இருந்தாரோ இன்றும் அப்படியே என்றுதான் அதற்குப் பொருள். கிணற்று விளிம்பில் நிற்கிறவன் இன்னும் விளிம்பில்தான் நிற்கிறான், உள்ளே விழவில்லை என்கிற செய்தி அது. இரண்டாம் நாள் விழுந்துவிட்டார். நீ வந்து சேர்ந்தபோது விளையில் அவரைப் புதைத்த மண்மேடுதான் இருந்தது. நீ மாமாவிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் மேல் தப்பில்லை மக்கா. அவனுக்குச் சொன்னதை அவன் உனக்குச் சொன்னான். அவனை மன்னித்துவிடு. அவனும் ஒவ்வொரு வருஷமும் அந்தத் திதிக்கு வந்து ஒரு வாய் சோறு தின்னாமல் போகிறான்.

நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். மாமா உனக்குப் போன் போட்ட அன்று ராத்திரியே அவரை வென்டிலேட்டரில் போட்டார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்கி மெஷின் மூச்சு விடும். குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அதை வைப்பதற்கு முன்னால் அனுமதி கேட்டார்கள்தான். ‘வெச்சா பொழைப்பாரா’ என்று மாமா கேட்டதற்கு ‘வைக்கல்லேன்னா இப்பவே போயிருவாரு’ என்றார்கள். அப்படிக் கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? மறுநாள் சாயந்தரம் என்னை உள்ளே விட்டபோது அவர் முழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணில் நீர் வடிந்தது. ஏதோ சொல்ல வந்தார். குழாய் இருக்கிற தொண்டையால் எப்படிச் சொல்ல முடியும்? கட்டிய கையின் விரலை மட்டும் அசைத்தார். கடையைப் பற்றியா, உன்னைப் பற்றியா, வலிக்கிறது என்றா, குழாயை எடு என்றா? எனக்குத் தெரியாது. அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் கண்ணயர்ந்ததில்லை. வென்டிலேட்டர் பிழைக்கிறவர்களுக்கு நல்ல மெஷின்தான், நிமோனியாவில் கிடந்த கொட்டாரத்து வாத்தியாரை அது காப்பாற்றிக் கொடுத்தது. ஆனால் போகிறவருக்கு வைத்தால் அது போகிற வழியை நீட்டி, வாயையும் அடைத்துவிடும்.

இனி என் கதை. இந்த வருஷம் முழுக்க எனக்கு வயிறு உப்பிக்கொண்டே வந்தது. நம் ஊரில் நெஞ்சு வலித்தாலும் வாயு, ‘கேஸ்’தான், முதுகு வலித்தாலும் ‘கேஸ்’தான். நானும் இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டுக் கஷாயம் குடித்தேன். சேலை இடுப்பில் எட்டாமல் போனபோதுதான் உன் அத்தை என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேனில் கருமுட்டைப் பையில் கட்டி, வயிற்றில் நீர். நாகர்கோவில் பெரிய டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: ‘குடும்பத்தில ஆருக்காவது கேன்சர் வந்திருக்கா?’ நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தை குதித்தாள். ‘எங்க குடும்பத்திலயா? ஐயோ, ஒருத்தருக்கும் கெடையாது டாக்டரே. நல்ல குடும்பம்.’ ஏதோ பெண் பார்க்க வந்த தரகரிடம் சொல்வது போல. உனக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிற நேரம், அவளுக்கு எங்கே யார் கேட்டாலும் அந்தக் கேள்வியாகத்தான் காதில் விழுகிறது. டாக்டர் ‘இல்லை’ என்று எழுதிவிட்டார். ஆனால் உண்டு மக்கா. நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் என் அம்மை செத்தது மார்பில் கட்டி வந்துதான். புண்ணாகி நாற்றம் அடித்தது, எனக்கு நல்ல ஓர்மை உண்டு. என் கல்யாணப் பேச்சில் அது மாரடைப்பு ஆனது. பிறகு வீட்டிலேயே மாரடைப்பு ஆகிவிட்டது. நீயும் உன் தங்கையும் அதை அப்படித்தான் நம்பி வளர்ந்தீர்கள். இந்த ஜில்லாவில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படி மாரடைப்பில் செத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே வயிறு எரிகிறது.

பயாப்ஸி எடுக்கச் சொன்னபோதும் அத்தை ஒரு பாட்டம் ஆடினாள். ‘மைனி, கத்தி பட்டா அது பரவிரும். பாத்துக்கிட்டு பைய செய்யலாம்’ என்றாள். அவள் என்மேல் உயிராக இருப்பவள், அதனால்தான் அவள் பேச்சைத் தட்ட முடியவில்லை. கொஞ்ச நாள் அப்படியே போயிற்று. கட்டியிலிருந்து நெல்மணியளவு சதையை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, இது சும்மா வளர்ந்த கட்டியா, பக்கத்தையும் தின்கிற கட்டியா என்று பார்ப்பதுதான் பயாப்ஸி. பார்க்காவிட்டால் எந்த மருந்து என்றே தெரியாது. நீ வந்து சத்தம் போட்ட பிறகுதான் எடுத்தோம். அந்த முடிவைத்தான் திங்கட்கிழமை உனக்குச் சொன்னார்கள்.

நேற்று, புதன்கிழமை, மருதங்கோட்டில் ஒரு சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன் அல்லவா? அங்கே போகவில்லை. ஃபைலைப் பைக்குள் வைத்துக்கொண்டு நாகர்கோவில் பஸ் ஏறினேன். பெரிய டாக்டர் இல்லை. அவருக்குக் கீழே இருக்கிற பெண் டாக்டர் இருந்தாள். உன் தங்கை வயதுதான் இருக்கும். நான் உட்கார்ந்ததும் கேட்டேன். ‘டாக்டரே, மெட்டாஸ்டாஸிஸ்ணா ஒரு எடத்தில உள்ளது வேற எடத்துக்கு பரவியாச்சுண்ணுதானே?’

அவள் ஃபைலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தாள். ‘கூட ஆரும் வரல்லியா? பைஸ்டாண்டர் எங்க?’

‘நான்தான் பைஸ்டாண்டர்.’

‘அப்போ பேஷன்ட்?’

‘அதுவும் நான்தான்.’

அவளுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். ‘அம்மா, இதை உங்க மகன்கிட்ட சொல்லியாச்சு. உங்ககிட்ட சொல்லாண்டாம்னு அவரு கெஞ்சிக் கேட்டாரு’ என்றாள். நான் சொன்னேன்: ‘எனக்க மாப்பிள்ளை, அவனுக்க அப்பா, கெடந்தப்போ எல்லாத்தையும் என்கிட்டதான் சொன்னிய. இப்போ நான் கெடக்கேன். எனக்க உடம்பு விஷயம் எனக்கு மட்டும் தெரியாண்டாமா?’ அப்புறம் அவள் எதையும் மறைக்கவில்லை. கட்டி கருமுட்டைப் பையில் தொடங்கி ஈரல் வரை போய்விட்டது. ஊசி போட்டால் வயிற்றில் நீர் சேர்வது குறையும், வலி அடங்கும், கொஞ்ச காலம் நடமாடலாம். முழுக்கப் போகாது. பாலியேட்டிவ் என்று எழுதியிருப்பதற்கு அதுதான் பொருள். நோயை விரட்ட அல்ல, நோயோடு இருக்கிற நாளில் வேதனை இல்லாமல் பார்த்துக்கொள்ள. என் அம்மையைப் பற்றியும் சொன்னேன். அவள் பேனாவை எடுத்து, இல்லை என்று இருந்ததை அடித்து மாற்றி எழுதினாள். ‘இது குடும்பவழியா வரலாம். உங்க மகளை ஒருக்கா கூட்டிட்டு வாங்கம்மா, அவளுக்கும் சோதிச்சுப் பாக்கணும்’ என்றாள். அப்போதுதான் மக்கா நான் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டேன். எனக்கு என்றபோது எதையும் பற்றவில்லை.

ஆகவே உன் தங்கையிடம் சொல்லியே ஆக வேண்டும். கொட்டாரத்தில் அவள் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்காதே. எங்கே எந்த டாக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாலும் ‘உண்டு’ என்று அவள் சொல்ல வேண்டும். உனக்கு வரப்போகிற பெண்ணின் வீட்டாரிடமும் நீயே சொல். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும், அந்த வீட்டில் நீ சம்பந்தம் செய்யாமல் இருப்பதே நல்லது. இனி எந்த டாக்டரிடம் போனாலும், உனக்கோ எனக்கோ யாருக்கோ, இங்கிலீஷில் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வெளியே வந்து நம் மனசுக்குப் பிடித்த அர்த்தத்தைப் போட்டுக்கொள்ளாதே. இது குணமாக்கவா, வேதனையைக் குறைக்கவா என்று நேராகக் கேள். கோபப்பட்டால் படட்டும்.

நம் பக்கத்து விளை கொத்தனாருக்குக் கடைசியில் வீட்டுக்கு வந்து புண் கட்டி வலி மருந்து கொடுத்துப் போனார்களே, அந்த பாலியேட்டிவ் வண்டி, அதை அவர் பெண்டாட்டி சந்தி முக்கிலேயே நிறுத்தச் சொல்வாள். ஊருக்குத் தெரியக் கூடாதாம். நர்சுகள் வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார்கள். நேற்று நீயும் வெளியே நின்று யாரிடமோ போனில் ‘வண்டி வீட்டு முன்னால வராண்டாம்’ என்று சொன்னது என் காதில் விழுந்தது. வரட்டும் மக்கா. நம் கேட்டுக்கு முன்னால் நிற்கட்டும். நான் திருடவில்லை. எனக்கு வியாதி.

கடைசியில் ஒரு நாள் நான் மூச்சுக்கு முட்டுவேன். அப்போது யாராவது உன்னிடம் வந்து இங்கிலீஷில் கேட்பார்கள், அந்தக் குழாயை வைக்கவா வேண்டாமா என்று. வேண்டாம் என்று சொல். முன்கூட்டியே எழுதி வைக்க வழி இருக்கிறது என்று அந்தப் பெண் டாக்டர் சொன்னாள், எழுதித் தருகிறேன். என் தொண்டையை எனக்கு விட்டுவிடுங்கள். பேச முடிகிற வரை பேசிவிட்டுப் போகிறேன். உன் அப்பாவிடமிருந்து கேட்காமல் போன வார்த்தையை நினைத்து நான் கிடந்தது போதும், நீ அப்படிக் கிடக்கக் கூடாது.

இவ்வளவும் எழுதிவிட்டு ‘தைரியமாகப் போய் வா’ என்று முடிக்கத்தான் உட்கார்ந்தேன். எப்போதும் அப்படித்தானே சொல்லியிருக்கிறேன். நீ முதல் தடவை போனபோது, உன் அப்பாவுக்கு டயாலிசிஸ் வேண்டும் என்று சொன்னபோது, அவர் போய்ப் பதினாறாம் நாள் முடிந்து நீ கிளம்பியபோது, எல்லாத் தடவையும் திருவனந்தபுரம் ஏர்போர்ட் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டு கையசைத்தேன். நீ அழக் கூடாது என்று நான் அழுததில்லை. நீயும் திரும்பிப் பார்க்கவில்லை. நாம் இரண்டு பேரும் அதில் கெட்டிக்காரர்கள்.

நேற்று அந்தப் பெண் டாக்டரின் அறையை விட்டு எழுந்து வரும்போது வாசலில் நின்று கேட்டேன். ‘எனக்க மகன் சனியாழ்ச்ச போறான். இனி ரெண்டு வருஷம் கழிஞ்சுதான் லீவு. அதுவரை நான் இருப்பேனா?’ அவள் நான் கேட்ட எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் சொல்லத் தயங்கவில்லை. இதற்கு மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அம்மா, அவரு டிக்கெட்டை மாத்த முடியுமாண்ணு கேளுங்க’ என்றாள்.

உன் வேலை போய்விடும் என்று தெரியும். வீட்டுக்கு மேல்தளம் பாதியில் நிற்கிறது, பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம், எல்லாம் தெரியும். இப்படிக் கேட்கிற அம்மையை ஊரில் நாலு பேர் ஏசுவார்கள். ஏசட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது மக்கா. சாவதற்கு அவ்வளவு பயமில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கதவைத் திறந்து பைஸ்டாண்டர் யார் என்று கேட்கும்போது உன் அத்தை எழுந்து போவதை, நான் அங்கே உட்கார்ந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

போகாதே.